அவன் கட்டாத அபராதம்

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சின்னவன் கேட்டான். "அதான் அவன் உள்ள போய்ட்டானேப்பா. அப்பறம் இன்னாத்துக்கு நீ இன்னும் கோர்ட்டு கோர்ட்டுன்னு அலைஞ்சிகினு கீற?" பெரியவளுக்கும் அதே கேள்விதான் என்று முகத்தில் தெரிந்தது. நான், "உனக்கு ஒண்ணும் தெரியாது, சாப்புடு" என்று அதட்டிவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினேன்.

அந்த வருஷம் முழுக்க நான் வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். மின்விசிறி மேலேகூட எரிந்து விழுந்தேன். அதற்குக் காரணம் இருந்தது. அதைத்தான் உங்கள் இரண்டு பேருக்கும் எழுதி வைக்கிறேன். எழுத உட்காரும்போதே எரிச்சல் வருகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

வேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நானும் உங்கள் அம்மாவும் வண்டியில் ஆம்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பள்ளிகொண்டா தாண்டி சர்வீஸ் ரோட்டில் வரும்போது பின்னாலிருந்து ஒரு பைக் ஒட்டிக்கொண்டு வந்தது. வழி கேட்கிறான் போல என்று நான் வேகத்தைக் குறைத்தேன். அவன் கையை நீட்டி அம்மாவின் தாலிச் சரட்டைப் பிடித்தான். அம்மாவும் பிடித்தாள். அவனும் விடவில்லை, இவளும் விடவில்லை. அவன் வண்டியை முறுக்கினான். அம்மா கீழே விழுந்து, வலது தோள் ரோட்டில் தேய, கொஞ்ச தூரம் இழுபட்டாள். கடைசியில் சரடு இரண்டாக அறுந்தது. பாதி அவளிடம், பாதி அவனிடம்.

சுங்கச்சாவடி கேமராவில் அவன் வண்டி நம்பர் தெரிந்து, சீக்கிரமே பிடித்துவிட்டார்கள். அவனிடம் போன பாதிச் சரடு இன்னும் கோர்ட்டில் ஒரு கவருக்குள் அரக்கு வைத்து இருக்கிறது. அதைக் கேட்டு நான் எழுதிப் போட்ட மனு தனிக் கதை. அதை விடுங்கள்.

தோள் எலும்பு உடைந்து தகடு வைத்தார்கள். ஆபரேஷன் செலவு தொழிலாளி இன்சூரன்ஸ் கார்டில் போய்விட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். "எலும்பு கூடிடும், அது பிரச்சினை இல்ல. கை மேல ஏறுமாங்கறது பயிற்சியிலதான் இருக்குது. வுட்டீங்கன்னா தோள் இறுகிடும். இறுகிட்டா அப்பறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

உங்கள் அம்மா ஷூவின் மேல்பாகம் தைக்கிறவள். அந்த மிஷின் கம்பம் மாதிரி நிற்கும். அதில் தைக்க வேண்டுமென்றால் முழங்கையைத் தூக்கிப் பிடித்தபடியே நாள் முழுக்க உட்கார வேண்டும். முழங்கை இறங்கினால் தையல் கோணும். ஆக, கை மேலே ஏறினால் அவளுக்கு மிஷின் உண்டு. ஏறாவிட்டால் நூல் வெட்டுகிற டேபிளில் உட்கார வைப்பார்கள், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "நான் நூல் வெட்டறதுக்காடா இத்தினி வருஷம் மிஷின் கத்துக்கினேன்" என்று அவள் சின்னவனிடம் சொல்லிக்கொண்டே இருந்தது நினைவிருக்கும்.

இந்த இடத்தில் எங்கள் கம்பெனி டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் நான் கோர்ட்டில் முட்டாள் மாதிரி உட்கார்ந்திருந்தது புரியாது.

நான் அதே ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற கட்டிங்கில் வேலை செய்கிறேன், அம்மா தையல் லைனில். லைனில் ஒரு பழைய பசை டப்பா உண்டு. கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வேலை செய்கிறவர்களே வைத்துக்கொண்டது. இரும்பு ரேக்கின் உச்சியில் இருக்கும். கையை நீட்டி, எக்கித்தான் காசு போட வேண்டும். எல்லோரும் பார்க்கப் போட வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு உயரத்தில் வைத்தது. லேட்டாக வந்தால் அபராதம். மிஷின் ஓடும்போது போன் பேசினால் அபராதம். பெரிய அபராதம் ஊசிக்கு. ஊசி உடைந்தால் அதன் எல்லாத் துண்டையும் தேடிக் கொடுத்துவிட்டுத்தான் புது ஊசி வாங்க வேண்டும். ஒரு துண்டு ஷூவுக்குள் தங்கிவிட்டால் எங்கோ ஒரு குழந்தையின் காலில் ஏறும். துண்டை மறைக்கிறவனை லைனில் யாரும் விடமாட்டார்கள்.

அந்தக் காசு யாருக்கு என்றால், லைனில் அடிபட்டவர்களுக்கு. விரலில் ஊசி இறங்கியவள், சூட்டு மிஷினில் கை சுட்டுக்கொண்டவன், இவர்களுடைய ஆட்டோவுக்கும் கட்டுக்கும். இதில் ஒரு வழக்கம் உண்டு. அபராதம் கட்டினவர்களே அடிபட்டவர் வீட்டுக்குப் போய்க் கையில் கொடுக்க வேண்டும். லைன் சூப்பர்வைசர் பாய்தான் இதில் கண்டிப்பு. "டப்பாவுல போட்டுட்டுப் போய்ட்டான்னா அவன் மறந்துடுவான். அடிபட்ட கையைப் பாத்துக் குடுத்தான்னா மறக்க மாட்டான்" என்பார்.

அம்மா அடிபட்டது கம்பெனிக்கு வெளியே. இருந்தாலும் பாய் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். போன் பேசி மாட்டிக்கொண்ட ஒரு பெண் நோட்டை நீட்டினாள்.

"அக்கா, இது என் ஆளுகூடப் பேசுன காசு. சீக்கிரம் நல்லாயிடும் உனக்கு."

"அப்போ இன்னும் ஜாஸ்தி பேசுடி. கை முழுசா சரியாயிடும்" என்றாள் அம்மா. அடிபட்ட பிறகு அவள் முதலில் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆக, என் மண்டையில் பதிந்திருந்தது இதுதான்: தப்பு செய்தவன் கட்டுகிற அபராதம் அடிபட்டவர் கைக்கு வரும். இதில் என்ன குழப்பம் இருக்க முடியும்?

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ வேலூரில் ஒரு மையம் இருந்தது. கேஸ் எழுதிய பெண் போலீஸ்தான் விலாசம் கொடுத்தார். அங்கிருந்து ஒரு பிசியோ மேடம் பஸ் பிடித்து நம் வீட்டுக்கே வந்தார். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், கதவு மேலே கயிறு போட்டு, ஒரு முனையை இடது கையால் இழுத்தால் வலது கை தானாக மேலே போகிற மாதிரி கட்டிக் கொடுத்தாரே, அவர்தான். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பாள். கை மார்பு உயரம் வந்தது. மேடம் பார்த்தது கையை மட்டுமில்லை. அப்போது தெருவில் பைக் சத்தம் கேட்டாலே அம்மாவின் கை கழுத்துக்குப் போய்விடும். மேடம் அவளைக் கூட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்து போய், கொஞ்ச நேரம் பைக்குகளைப் பார்த்து நின்றுவிட்டு வருவார். பைசா வாங்கவில்லை.

ஒருநாள் மேடம் கிளம்பும்போது சொன்னார். "அண்ணா, அடுத்த வாரத்துலேர்ந்து நான் வரமாட்டேன்."

"ஏம்மா, நாங்க எதாச்சும் தப்பா பேசிட்டமா?"

"அய்யோ, அதெல்லாம் இல்ல. எங்களுக்கு சம்பளம் வந்தே ரொம்ப நாளாச்சு. மையத்த மூடறாங்க. குற்றவாளிங்க கோர்ட்டுல கட்டற அபராதத்துல ஒரு பங்கு எங்க நிதிக்கு வரணும். அத நம்பித்தான் ஆரம்பிச்சாங்க."

"வரலியா?"

"கட்டுனாத்தானே வரும்? ஜட்ஜு போடறாரு. அவங்க கட்டறதில்ல."

அவர் பாகாயத்தில் ஒரு கிளினிக்கில் சேரப்போவதாகவும், அங்கே வந்தால் அவரே பார்ப்பதாகவும், ஆனால் அங்கே ஃபீஸ் உண்டு என்றும் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. டப்பா காலியாக இருந்தால் அவர் என்ன செய்வார்?

அதற்குக் கொஞ்ச நாளில் தீர்ப்பு வந்தது. அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டதால் கேஸ் இழுக்கவில்லை. ஜட்ஜ் அவனுக்குச் சிறையும் அபராதமும் போட்டார். அபராதத்தில் பெரும்பங்கு உங்கள் அம்மாவுக்கு இழப்பீடாகவும், மீதி பாதிக்கப்பட்டவர்கள் நிதிக்கும் போக வேண்டும் என்று இங்கிலீஷில் வாசித்தார். பெண் போலீஸ்தான் எங்களுக்குத் தமிழில் சொன்னார். நம் டப்பா கணக்கு அப்படியே சட்டத்தில் இருக்கிறதே என்று நினைத்தேன். அம்மாவின் சிகிச்சைக்கும் ஆச்சு, அந்த மையத்துக்கும் ஆச்சு. அங்கேயே வெளியே வந்து பாகாயத்துக்குப் போன் போட்டு, திங்கட்கிழமையிலிருந்து வருகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். அவனைக் கூட்டி வருவார்கள், அவன் கையால் வாங்கிக்கொண்டு போகலாம் என்று. அம்மா சொன்னாள்: "அவன் மூஞ்சிய நான் பாக்கமாட்டேன். நீங்களே வாங்கிக்குங்க." சரி என்றேன். வக்கீல்கள் போனார்கள். டீக்காரர் கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு போனார். நாங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

பணம் கட்டுகிற கவுண்டரைப் பூட்டிக்கொண்டே குமாஸ்தா கேட்டார். "யாருக்காக உக்காந்துகினு இருக்கீங்க?"

"அபராதத்துக்கு சார்."

"கவுண்டர் மூடியாச்சே. நாளைக்கு வந்து கட்டுங்க."

"கட்டறதுக்கு இல்ல சார். வாங்கறதுக்கு."

அவர் சாவியைப் பிடித்தபடியே சிரித்துவிட்டார். பிறகு உள்ளே திரும்பி, "யோவ், இங்க வாய்யா. இங்க ஒருத்தர் அபராதம் வாங்க வந்திருக்காரு" என்றார். உள்ளேயிருந்து ஒருத்தர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அம்மாவின் கழுத்திலிருந்து கையைத் தாங்கிய தொங்கு கட்டைப் பார்த்த பிறகுதான் குமாஸ்தா சிரிப்பை நிறுத்தினார். நல்ல மனுஷர்தான், உட்கார்ந்து விளக்கினார்.

"மொதல்ல அவன் கட்டணும். கட்டுனாலும் அப்பீல் டைம் முடியற வரைக்கும் குடுக்க மாட்டாங்க. அப்பறம் நீங்க மனு போடணும்."

"கட்டலன்னா?"

"அதுக்குப் பதிலா இன்னும் கொஞ்ச மாசம் கூட உள்ள இருப்பான்."

"அவன் கூட இருந்தா எங்களுக்கு இன்னா சார் வரும்?"

"உங்களுக்கு ஒண்ணும் வராது."

பஸ்ஸில் வரும்போது அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். மாதனூர் தாண்டினதும் கேட்டாள். "ஏங்க, அவன் உள்ள ஜாஸ்தி நாள் உக்காந்துகினு இருந்தா என் கை எழுந்துக்குமா?"

சின்னவனே, நீ கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

அவன் கட்டவில்லை. நான் அலைய ஆரம்பித்தேன். தீர்ப்பு நகல் வாங்க ஒரு இடம். நகலில் அம்மாவின் இனிஷியல் தப்பாக விழுந்திருந்தது, அதைத் திருத்த அதே இடத்தில் வேறொரு ஜன்னல். இலவச சட்ட உதவி ஆபீசுக்குப் போனால், "உங்களுக்குத்தான் கோர்ட்டே இழப்பீடு போட்டிருக்குதே. அது வரட்டும், வரலன்னா பாக்கலாம்" என்றார்கள். எப்போது வரவில்லை என்று முடிவு செய்வீர்கள் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு அங்கே பதில் சொல்லுகிறவர் அன்றைக்கு லீவு. ஒவ்வொரு தடவையும் அரை நாள் சம்பளம் போகும். உங்களை அமிர்திக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொன்ன இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைமில் போனது இதனால்தான்.

பாகாயத்துக்கு நினைத்தபடி போக முடியவில்லை. பணம் புரட்டினால் போவோம், இல்லாத வாரம் கதவுக் கயிறுதான். கை மார்பு உயரத்திலேயே நின்றது. மேடம் தோளை அழுத்திப் பார்த்துவிட்டு, "இறுக ஆரம்பிக்குதுக்கா, விட்டு விட்டு வராதீங்க" என்றார். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் உப்பு இல்லையென்று நான் கத்தினேனே, அது உப்புக்காக இல்லை.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு அம்மாள் வீட்டுக்கு வந்தார். பெரியவளே, கதவைத் திறந்தது நீதான். "அப்பா, யாரோ ஆயா வந்திருக்காங்க" என்றாய். ஆயா வயசெல்லாம் இல்லை, என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். டேனரியில் பச்சைத் தோலிலிருந்து உப்பை உதறுகிற வேலை செய்கிறவர். உள்ளங்கையெல்லாம் வெடித்திருந்தது. வாசலிலேயே நின்றுகொண்டு, தான் இன்னார் என்று சொன்னார். அவனுடைய அம்மா.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. உங்கள் அம்மா எனக்கு முன்னாடி, "உள்ள வாங்க" என்றாள்.

அவர் உட்காரவில்லை. "எம்மா, உன் கால்ல வேணாலும் வுழறேன். கேஸ வாபஸ் வாங்கிக்கம்மா. எனக்கு அவன் ஒருத்தன்தான்."

"அதெல்லாம் என் கையில இல்லைங்க. தீர்ப்பே ஆயிடுச்சி" என்றாள் அம்மா.

என்னால் அடக்க முடியவில்லை. "வாபஸ் கேக்க வந்துட்டீங்க. ஜட்ஜு போட்ட அபராதத்த கட்டுனீங்களா? அதுக்கு வக்கு இல்ல, வாபஸாம்."

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "நான் எதுக்கு சாமி கவர்மெண்டுக்குக் கட்டணும்? கட்டலன்னா கொஞ்ச மாசம் கூட இருப்பான், அவ்ளோதான்னு வக்கீல் சொன்னாரு. இருந்துட்டுப் போவட்டும், தின்னுட்டுத் தூங்கட்டும்னு வுட்டுட்டேன். கவர்மெண்டுக்கு என் காசு இல்லாம கொறஞ்சி பூட்டுதா?"

"அது கவர்மெண்டுக்கு இல்லைங்க" என்றாள் அம்மா. தொங்கு கட்டுக்குள் இருந்த கையைக் காட்டினாள். "இதுக்கு."

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பாய் சொன்னது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அந்த அம்மாள், "எனக்கு யாரும் சொல்லலியேம்மா" என்றார்.

யாரும் சொல்லவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஜட்ஜ் இங்கிலீஷில் எழுதினார். வக்கீல் பாதியைச் சொன்னார். கட்ட வேண்டியவருக்கு யாருக்குக் கட்டுகிறோம் என்று தெரியாது. வாங்க வேண்டியவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

மறுவாரம் அந்த அம்மாள் மடியில் முடிந்த பணத்தோடு வந்தார். மாசச் சீட்டு எடுத்ததாம். "இந்தாம்மா, மொத பாகம். மீதிய கொஞ்சம் கொஞ்சமா தர்றேன்" என்று அம்மாவின் இடது கையில் வைக்கப் போனார். எங்கள் லைன் வழக்கப்படி அதுதான் சரி. நானும் கையை நீட்டிவிட்டேன். அம்மாதான் பின்னால் நகர்ந்தாள்.

"வேணாம்மா. நான் இப்பிடி வாங்குனா காசு வாங்கிகினு சமாதானம் ஆயிட்டேன்னு ஆவும். உன் புள்ளைக்கும் அந்த ஜாஸ்தி நாளு கழியாது. கோர்ட்டுலயே கட்டு. ரசீது வாங்கிக்க."

அவள் சொன்னதுதான் நியாயம். அப்படித்தான் நானும் அந்த அம்மாளும் ஒரே பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போனோம். கவுண்டரில் அதே குமாஸ்தா.

"மறுபடியும் வாங்கவா?" என்றார்.

"இல்ல சார், இன்னிக்குக் கட்டறதுக்கு."

"நீங்க எதுக்குக் கட்டறீங்க? உங்க சம்சாரம்தானே அடிபட்டவங்க?"

"நான் இல்ல சார். இவங்க கட்டறாங்க."

"இவங்க யாரு?"

"அறுத்தவனோட அம்மா."

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு பேரும் ஒண்ணா வந்தீங்களா?"

"ஒரே பஸ்ஸுதான் சார்."

"ஏன்யா, நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா சேந்து வந்தா ஆபீசருக்கு டவுட்டு வராதா? எதாச்சும் உள்குத்து இருக்குதுன்னு நெனப்பாங்க. நீங்க போய் அந்த மரத்தாண்ட நில்லுங்க."

மரத்தடியில் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாளும் வந்துவிட்டார். பாதிப் பணமாக வாங்குவதற்குத் தனி மனு வேண்டுமாம். மனு எழுதினோம். அடுத்த தடவை மனுவுக்கு ஆர்டர் ஆகவில்லை. அதற்கடுத்த தடவை கோர்ட் லீவு. கட்ட வேண்டியவர் கையில் பணத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. "என் காசுக்கு இன்னா, சொறியா புடிச்சிருக்குது?" என்று அந்த அம்மாள் மரத்தடியில் புலம்பினார். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் டீ நான்தான் வாங்கினேன். வீட்டில் சொல்லவில்லை.

ஒருவழியாகக் கட்டினார். மீதியையும் தவணையாகக் கட்டி முடித்தார். கட்டக் கட்ட அவனுடைய கூடுதல் நாளும் கழிந்தது. அப்பீல் டைம் எப்போதோ முடிந்திருந்தது. நான் மனு போட்டு, அம்மாவின் பேங்க் கணக்கு நம்பர் கொடுத்து, பணம் அதில் ஏறும் என்று ஆர்டர் ஆனது. போனில் மெசேஜ் வந்த அன்று அம்மாவே பேங்குக்கு வந்தாள். புத்தகத்தில் பிரிண்ட் போட்டுப் பார்த்தால் பணம் ஏறியிருக்கிறது, அடுத்த வரியிலேயே ஒரு பங்கு இறங்கியிருக்கிறது.

கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "இது இன்னாம்மா, வந்தவுடனே புடிச்சிருக்கீங்க?"

"மினிமம் பேலன்ஸ் இல்லாததுக்கு அபராதம் சார்."

"இது சம்பளக் கணக்கும்மா. இதுக்கு மினிமம் எல்லாம் கெடயாதே."

"சம்பளம் ஏறி ரொம்ப நாளாச்சே சார். அதனால சாதாரணக் கணக்கா மாறிடுச்சு. அதுலேர்ந்து மாசா மாசம் சேந்திருக்கு. பணம் வந்ததும் சிஸ்டம் தானா எடுத்துடுச்சு."

அம்மா பேச ஆரம்பித்தாள், நிதானமாக. "ஏம்மா, ஒருத்தன் என் தோள ஒடச்சான். அதனால எனக்கு சம்பளம் வரல. சம்பளம் வரலன்னு எனக்கு அபராதம். அவன் கட்டுன அபராதத்துலேர்ந்து என் அபராதத்த எடுத்துக்கினீங்க. நான் சொல்றது சரிதானா?"

அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "சரிதான்க்கா. என்னால ஒண்ணும் பண்ண முடியாது. எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன்."

"அந்த சிஸ்டத்த ஒரு மாசம் கோர்ட்டுக்குக் கடன் குடுங்கம்மா" என்றேன் நான். "அவன்கிட்ட வாங்கறதுக்கு நாங்க எவ்ளோ நாள் அலைஞ்சோம். இது ஒரு நிமிஷத்துல வாங்கிடுச்சி." பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தேன். இன்னும் பதில் வரவில்லை. நான் இப்போதும் அலைகிறேன் என்றால், அது இதற்குத்தான்.

இருந்ததை வைத்துக்கொண்டு பாகாயத்துக்கு ஒழுங்காகப் போனோம். அதே மேடம், அதே மாதிரி ஒரு கயிறு, இங்கே கயிறு ஓடுகிற கப்பி மட்டும் ஸ்டீல். மேடம் ஒளிக்காமல் சொன்னார்: "ஆரம்பத்துலேர்ந்து விடாம பண்ணியிருந்தா முழுசா வந்திருக்கும்க்கா. இப்ப காது வரைக்கும் கொண்டாந்துடலாம். அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்." காது வரைக்கும் போதும், மிஷினுக்கு அது போதும் என்றாள் அம்மா. அபராதத்தில் நிதிக்குப் போன பங்கு எங்கே போய்ச் சேர்ந்தது என்று மேடத்திடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. மையம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை இருக்கிறது.

கடைசியில் அம்மா மிஷினுக்குத் திரும்பின நாள். காலையில் பாகாயம் போய்விட்டு வந்தோம். பஸ் லேட். உள்ளே நுழையும்போது பெல் அடித்து மிஷினெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அவளை லைன் வரைக்கும் விட்டுவிட்டு வரலாம் என்று நானும் கூடப் போனேன். லைனில் கொஞ்ச நேரம் ஒரே கூச்சல், "அக்கா வந்துட்டாங்க" என்று. பாய் வந்தார். கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார், பார்த்தார். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மொத நாளே லேட்டு. போடும்மா ஃபைன."

"பாய், அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வராங்க, வுடுங்க" என்றாள் அந்தப் போன் பேசுகிற பெண்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா பர்மிஷன் எழுதிக் குடுக்கணும். குடுத்தாளா? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்." சொல்லிவிட்டு, ரேக்கிலிருந்து டப்பாவை இறக்கக் கையைத் தூக்கினார்.

"எறக்காதீங்க பாய். அங்கயே இருக்கட்டும்" என்றாள் அம்மா.

நாணயத்தை வலது கையில் எடுத்தாள். மிஷின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. கை தோள் உயரம் வந்தது, காது வரை வந்தது, அங்கே நின்றுவிட்டது. கால் விரலில் எக்கினாள். நாணயம் டப்பா விளிம்பில் பட்டு, கீழே விழுந்து, மிஷினுக்கு அடியில் உருண்டு போனது.

"பாருக்கா, கோர்ட்டுக் காசு மாதிரியே ஓடுது" என்றாள் அந்தப் பெண். லைனே சிரித்தது. அம்மாவும் சிரித்துக்கொண்டே குனிந்து எடுத்தாள். இந்தத் தடவை வலது முழங்கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு எக்கினாள். டப்பாவுக்குள் டங்கென்று சத்தம் கேட்டது.

நான் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றுகொண்டிருந்தேன். பாய் என் பக்கம் திரும்பினார்.

"நீ இன்னா அண்ணே வேடிக்க பாத்துகினு நிக்கற? நீயும் இவங்க வந்த பஸ்ஸுலதானே வந்த? எடு."